கொதிக்க வைத்தாலும் நீங்காத நஞ்சு
குடிநீரில் பாசி நச்சை முன்கூட்டியே அறிய உதவும் கருவிகளும், நோயாளிகளின் இல்லங்களில் கவனிக்க வேண்டியவையும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்கு வழங்கப்படும் அறிவுரைகளுள் ஒன்று ஏறத்தாழ எல்லா நோய்களுக்கும் பொதுவானது. நீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, மூடி வைத்துப் பருகுங்கள் என்பதே அது. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலையின் சில வகைகள் ஆகியவற்றைப் பரப்பும் நுண்ணுயிர்கள் கொதிநிலையில் மடிந்துவிடுகின்றன. எத்தனையோ குடும்பங்களைக் காத்த அறிவுரை இது. இன்றும் அது மாறவில்லை.

ஆயினும் அதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. நீரில் கலந்திருப்பது உயிருள்ள கிருமியாக இல்லாமல், ஒரு நுண்ணுயிர் உண்டாக்கிய நஞ்சாக இருந்தால் கொதிக்க வைப்பது பயன் தராது. சில வேளைகளில் நிலைமையை மோசமாக்கவும் கூடும். ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பெருகும் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு அத்தகையது. அதனை உலகின் நகரங்கள் எவ்வாறு எதிர்கொண்டன, செயற்கைக்கோளும் கைப்பேசிச் செயலியும் அதில் எவ்வளவு உதவுகின்றன, சிறுநீரக நோயாளிகளும் கல்லீரல் நோயாளிகளும் கைக்குழந்தை உள்ள வீட்டாரும் இதில் ஏன் கூடுதல் அக்கறை கொள்ள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பாசி என்று நாம் அழைப்பது எது?

குளத்துப் படிகளில் வழுக்கும் பாசியும், தேங்கிய நீரின் மேல் பச்சை வண்ணம் கரைத்து ஊற்றியது போல் படரும் பாசியும் ஒன்றல்ல. பின்னது பெரும்பாலும் சயனோபாக்டீரியா எனப்படும் நுண்ணுயிர்க் கூட்டம். தாவரங்களைப் போலச் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்தாலும், உயிரியல் வகைப்பாட்டில் அது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. வெப்பமான காலநிலை, அசைவற்ற நீர், வயல்களின் உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வந்து சேரும் பாஸ்பரஸ், நைட்ரஜன் ஆகியவை ஒன்றுகூடும்போது அது சில நாட்களுக்குள் பெருகி நீர்ப்பரப்பை மூடிவிடும்.

இவற்றுள் ‘மைக்ரோசிஸ்டிஸ்’ என்னும் பேரினம் பரவலாகக் காணப்படுவது. அதன் உயிரணுக்களுக்குள் நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் துணையால் அது நீரின் மேற்பரப்புக்கு மிதந்து வரவும், மீண்டும் கீழே இறங்கவும் வல்லது. அது உண்டாக்கும் நஞ்சுகளுக்கு மைக்ரோசிஸ்டின் என்று பெயர். உடலுக்குள் புகுந்த மைக்ரோசிஸ்டின், இரத்தத்திலிருந்து பித்த அமிலங்கள் போன்றவற்றைக் கல்லீரல் உயிரணுக்களுக்குள் கொண்டு செல்லும் வாயில்களின் வழியாகவே உள்ளே நுழைகிறது. அங்கு உயிரணுவின் கட்டமைப்பைப் பேணும் நொதிகளை முடக்குகிறது. அளவு மிகுந்தால் உயிரணுக்கள் உருக்குலைந்து, கல்லீரலுக்குள்ளேயே இரத்தக் கசிவு உண்டாகிறது. இந்நஞ்சை முறிக்கும் மாற்று மருந்து இல்லை. உடலைத் தாங்கும் சிகிச்சை மட்டுமே அளிக்க இயலும்.

மைக்ரோசிஸ்டின் வளைய வடிவிலான, உறுதியான மூலக்கூறு. கொதிநீரின் வெப்பம் அதனைச் சிதைப்பதில்லை. கொதிக்கும்போது பாசியின் உயிரணுக்கள் வெடித்து, அதுவரை உள்ளே அடங்கியிருந்த நஞ்சும் நீரில் கரைகிறது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் நஞ்சின் செறிவு கூடுகிறது.

எவ்வளவு நஞ்சு ஆபத்தானது? வாழ்நாள் முழுவதும் பருகும் குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். என்னும் வகை லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஒரு கிராம் நஞ்சு 10 லட்சம் லிட்டர் நீரில் கலந்தால் கிடைக்கும் செறிவு அது. அதாவது, 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏறத்தாழ 83-இல் ஒரு கிராம். இந்த அளவைக் கண்ணோ நாக்கோ அறிய இயலாது.

கருவாரு நகரம் கற்பித்த பாடம்

இந்நஞ்சு மருத்துவ உலகின் கவனத்தை முழுமையாக ஈர்த்தது, ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நேர்ந்த துயரத்தின் வழியாகத்தான். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் பெர்னாம்புக்கோ மாநிலத்தில் உள்ள நகரம் கருவாரு. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அங்கிருந்த நிலையம் ஒன்றில் டயாலிசிஸ் செய்துகொண்ட 131 நோயாளிகளுள் 116 பேருக்குப் பார்வை மங்கல், குமட்டல், வாந்தி ஆகியவை ஏற்பட்டன. அவர்களுள் 100 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் 76 பேர் உயிரிழந்தனர். அவற்றுள் 52 மரணங்கள் இந்நஞ்சினால் நேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் பின்னர் உறுதி செய்தனர்.

நிலையத்துக்கு லாரிகளில் வந்த நீர், பாசி பெருகியிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுப் போதிய அளவு சுத்திகரிக்கப்படாத நீர். நிலையத்தில் கரி வடிகட்டியும் அயனிப் பிசினும் நுண்துளை வடிகட்டியும் இருந்தன. ஆயினும் நஞ்சு அவற்றைக் கடந்து சென்றது. பயன்படுத்தப்பட்ட கரியிலும், நோயாளிகளின் இரத்தத்திலும், இறந்தோரின் கல்லீரல் திசுவிலும் மைக்ரோசிஸ்டின் இருப்பது பின்னர் கண்டறியப்பட்டது.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மட்டும் ஏன் இத்தனை பெரிய தீங்கு? உடல் நலமுள்ள ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவு நீர் பருகுகிறார். அந்நீர் குடலைக் கடந்தே இரத்தத்தை அடைகிறது. டயாலிசிஸ் இயந்திரத்திலோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் வீதம் டயாலிசிஸ் திரவம் பாய்கிறது. நான்கு மணி நேர அமர்வில் அது 120 லிட்டர். அத்தனை நீரும் மெல்லிய சவ்வொன்றின் மறுபுறத்தில் நோயாளியின் இரத்தத்தை நெருங்கி ஓடுகிறது. குடல் என்னும் அரண் அங்கு இல்லை. குடிப்பவருக்குப் பெரும் தீங்கு விளைவிக்காத செறிவு கூட டயாலிசிஸ் நோயாளியின் உயிரைப் பறிக்கக்கூடும்.

கருவாருவின் துயரம் வீண்போகவில்லை. 2000-ஆம் ஆண்டில் பிரேசில் தன் குடிநீர் விதிகளில் சயனோபாக்டீரியாவையும் மைக்ரோசிஸ்டினையும் கண்காணிப்பதைக் கட்டாயமாக்கியது.

ஈரி ஏரியும் டொலிடோ நகரமும்

அடுத்த பாடம் வட அமெரிக்காவின் பேரேரிகளுள் ஒன்றான ஈரி ஏரியிலிருந்து வந்தது. அதன் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 7 மீட்டர் மட்டுமே. ஆகவே கோடையில் விரைவில் வெப்பமடைகிறது. மாமீ ஆறு, அகன்ற விளைநிலங்களின் உரச் சத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்கேதான் கலக்கிறது. அதே பகுதியிலிருந்துதான் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரம் தன் குடிநீரை எடுக்கிறது.

2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் விடியும் முன்பே, நகர நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. குழாய் நீரைப் பருகாதீர்கள். கொதிக்க வைக்கவும் வேண்டாம் என்பதே அதன் சாரம். சுத்திகரிக்கப்பட்ட நீரிலேயே மைக்ரோசிஸ்டின் வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்நீரையே நம்பியிருந்தனர். கடைகளில் புட்டி நீர் விரைவில் தீர்ந்துபோயிற்று. ஆளுநர் அவசர நிலையை அறிவித்தார். தேசியக் காவல் படையினர் நீர் வழங்கினர். அப்பகுதி மருத்துவமனைகள் அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. கருவிகளைத் தூய்மிப்பதற்காக வெளியூர்களுக்கு அனுப்பின. ஆகஸ்டு 4-ஆம் நாள் தடை நீக்கப்பட்டது.

அவ்வாண்டின் பாசிப் பெருக்கம் ஈரி ஏரி கண்டவற்றுள் மிகப் பெரியதன்று. 2011-ஆம் ஆண்டிலும், பின்னர் 2015-ஆம் ஆண்டிலும் அதைவிடப் பெரிய பெருக்கங்கள் நிகழ்ந்தன. பாசி எவ்வளவு பரப்பில் உள்ளது என்பதைவிட, காற்றும் நீரோட்டமும் அதை எங்கே தள்ளுகின்றன, நீர் எடுக்கும் குழாய்வாயை அது என்று நெருங்கும், அந்நாளில் சுத்திகரிப்பு நிலையம் ஆயத்தமாக உள்ளதா என்பவையே ஆபத்தை முடிவு செய்கின்றன. இவற்றை மனிதக் கண்ணால் மட்டும் அறிய முடியாது. இங்கேதான் எண்ணிமக் கருவிகள் துணைக்கு வருகின்றன.

வானிலிருந்தும் நீருக்குள்ளிருந்தும் காவல்

முதல் காவல் வானில் உள்ளது. ஐரோப்பாவின் சென்டினல்-3 வரிசையின் முதல் இரு செயற்கைக்கோள்கள் 2016-இலும் 2018-இலும் ஏவப்பட்டன. அவற்றில் உள்ள ஒளிப்படக் கருவி, ஏரியிலிருந்து திரும்பும் ஒளியைப் பல நிறப் பட்டைகளாகப் பிரித்து அளக்கிறது. சயனோபாக்டீரியா மிகுந்த நீர், சிவப்பு ஒளியைச் சார்ந்த பட்டைகளில் தனித்த ஓர் அடையாளத்தைக் காட்டும். அதைக் கொண்டு பாசியின் அடர்த்தியைக் கணினிகள் கணக்கிடுகின்றன.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நாசா, நோவா எனப்படும் கடல்-வளிமண்டல ஆய்வு நிறுவனம், புவியியல் ஆய்வு நிறுவனம் ஆகிய நான்கும் இணைந்து இத்தரவுகளை எளிய வரைபடங்களாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கின. அதன் பெயர் ‘சயான்’. 2019-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிச் செயலியாகவும், 2021-இல் எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய இணைய வடிவமாகவும் அது வெளிவந்தது. அந்நாட்டின் 2,000-க்கும் மேற்பட்ட பெரிய ஏரிகளும் நீர்த்தேக்கங்களும் அதில் அடங்கும். நீர்த்துறை ஊழியர் தாம் கவனிக்கும் ஏரியின் மீது வரைபடத்தில் ஒரு குறியிட்டு வைத்தால் போதும். அங்கு பாசி கூடுகிறதா குறைகிறதா என்பதை அலுவலகத்தில் அமர்ந்தபடியே அறியலாம். எந்த ஏரிக்கு முதலில் படகை அனுப்பி மாதிரி எடுப்பது என்று முடிவு செய்யலாம்.

இரண்டாம் காவல் நீருக்குள் உள்ளது. ஏரியில் மிதவைகளை நிறுத்தி, அவற்றில் உணரிகளைப் பொருத்துகின்றனர். சயனோபாக்டீரியாவுக்கே சிறப்பாக உரிய ஃபைகோசயனின் என்னும் நீல நிறமியின் மீது ஒளியைப் பாய்ச்சினால் அது வேறொரு நிறத்தில் மெல்ல ஒளிரும். அவ்வொளிர்வை அளந்து, நாள் முழுவதும் குறுகிய இடைவெளிகளில் கரைக்கு அனுப்புகின்றன இவ்வுணரிகள். இதற்கும் ஒரு படி மேலே, கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா கடலாய்வு நிறுவனம் உருவாக்கிய தானியங்கி ஆய்வுக்கூடம் ஒன்றை 2017-இல் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் நோவா பயன்படுத்தியது. அது நீருக்கு அடியிலிருந்தபடியே மாதிரியை எடுத்து, நஞ்சை அளந்து, முடிவைக் கரைக்கு அனுப்ப வல்லது.

மூன்றாவது, முன்கணிப்பு. செயற்கைக்கோள் படத்தையும் காற்று, நீரோட்டக் கணக்குகளையும் இணைத்து, அடுத்த ஐந்து நாட்களில் பாசி எங்கே நகரும் என்று ஈரி ஏரிக்கு நோவா கணித்துச் சொல்கிறது. வசந்த காலத்திலிருந்து மாமீ ஆறு சுமந்து வரும் பாஸ்பரஸின் அளவை ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து அளக்கின்றனர். அந்த அளவைக் கொண்டு, அவ்வாண்டுக் கோடையில் பெருக்கம் எத்துணைக் கடுமையாக இருக்கும் என்பதும் முன்கூட்டியே மதிப்பிடப்படுகிறது.

கிடைத்த நாட்களில் என்ன செய்யலாம்?

ஐந்து நாட்கள் முன்னதாகத் தெரிந்தால் ஆகப்போவது என்ன என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை சுத்திகரிப்பு நிலையத்துக்குள் இருக்கிறது.

நஞ்சின் பெரும்பகுதி, பாசி உயிருடன் இருக்கும்வரை அதன் உயிரணுக்களுக்கு உள்ளேயே அடங்கியிருப்பது வழக்கம். அந்நிலையில் படிகாரம் போன்ற பொருள்களால் உயிரணுக்களைத் திரளச் செய்து, உடைக்காமல் முழுதாக வடித்தெடுத்தால் நஞ்சும் உடன் வெளியேறும். நிலைமையை அறியாமல் தொடக்கத்திலேயே குளோரினை மிகுதியாகச் சேர்த்தால் உயிரணுக்கள் உடைந்து, நஞ்சு நீரில் கரைந்துவிடும். கரைந்த நஞ்சைச் சாதாரண மணல் வடிகட்டி பிடித்து நிறுத்தாது. அதற்குக் கிளர்வூட்டிய கரித்தூளோ ஓசோனோ தேவை.

இதற்கு ஆஸ்திரேலியாவின் பாம் தீவு ஒரு பழைய சான்று. 1979-இல் அங்கே குடிநீர் அணையில் பெருகிய பாசியை அழிக்கத் துத்தம் எனப்படும் தாமிர சல்பேட்டை இட்டனர். அதன்பின் சில நாட்களுக்குள், பெரும்பாலும் குழந்தைகளாக, 148 பேர் கல்லீரல் வீக்கமும் வாந்தியும் கண்டு நோயுற்றனர். பாசி மடிந்தபோது அதன் உடலில் இருந்த நஞ்சு நீரில் கலந்ததே காரணம் என்று பின்னர் கருதப்பட்டது.

ஆகவே முன்னறிவிப்பு கிடைத்த நிலையம், கரித்தூளைப் போதிய அளவு வரவழைத்து வைக்கலாம். நீர் எடுக்கும் ஆழத்தை மாற்றலாம். வேறொரு நீராதாரம் இருந்தால் அதற்கு மாறலாம். குளோரின் சேர்க்கும் நேரத்தைத் திருத்தலாம். மாதிரிச் சோதனைகளை நாள்தோறும் நடத்தலாம். மருத்துவமனைகளும் டயாலிசிஸ் பிரிவுகளும் தங்கள் வடிகட்டிகளைச் சரிபார்த்து, மாற்று நீருக்கு ஏற்பாடு செய்யலாம். 2014-க்குப் பின் டொலிடோ நகரம் தன் சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்தி ஓசோன் முறையைச் சேர்த்தது; நீரின் நிலையை மக்கள் அறியும் வகையில் இணையத்தில் வெளியிடவும் தொடங்கியது.

கருவிகள் காணத் தவறுபவை

இக்கருவிகளின் எல்லைகளையும் அறிந்திருப்பது நலம். முதலாவதாக, செயற்கைக்கோள் காண்பது நிறமியை. நஞ்சை அது காண்பதில்லை. ஒரே இனப் பாசியில் நஞ்சு உண்டாக்கும் வகையும் உண்டாக்காத வகையும் உண்டு. வரைபடத்தில் அடர்த்தி மிகுந்து காணப்பட்டால், ‘இங்கு சென்று சோதியுங்கள்’ என்பதே அதன் பொருள். நஞ்சின் அளவை ஆய்வகச் சோதனைதான் உறுதி செய்யும்.

இரண்டாவதாக, மேகம் மூடினால் ஒளிப்படக் கருவிக்குக் கண் இல்லை. மேலும், பலத்த காற்று வீசும்போது மேலே மிதந்த பாசி நீருக்குள் கலந்து கீழே செல்லும். மேற்பரப்பு தெளிந்துவிட்டது போல் படம் காட்டும். ஆனால் ஆழத்தில் இருக்கும் குழாய்வாயை நோக்கிப் பாசி இறங்கியிருக்கும்.

மூன்றாவதாக, அளவின் சிக்கல். சென்டினல்-3 எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 300 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் கொண்ட பரப்பு. பெரிய நீர்த்தேக்கங்களுக்கு அது போதும். நம் ஊர்க் குளங்களும் ஊருணிகளும் கோயில் தெப்பக்குளங்களும் ஒரு புள்ளிக்குள்ளேயே கரையோடு சேர்ந்து மறைந்துவிடும். சென்டினல்-2 வரிசை 10 மீட்டர் வரை நுணுகிக் காணும் என்றாலும், சயனோபாக்டீரியாவைப் பிற பாசிகளிலிருந்து பிரித்தறியத் தேவையான எல்லா நிறப் பட்டைகளும் அதில் இல்லை. இவ்விரு செயற்கைக்கோள்களின் தரவுகளும் உலகின் எப்பகுதிக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றைப் படித்து, மாதிரி எடுத்து, மக்களுக்கு அறிவிக்கும் ஆட்களும் அமைப்பும் இருந்தால்தான் அவை பயன் தரும். சிறிய நீர்நிலைகளைப் பொறுத்தவரை, அதன் கரையில் வாழ்பவரின் கண்களே இன்றும் முதல் காவல்.

நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

அறிவிப்பின் சொற்களைக் கூர்ந்து கேளுங்கள். ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்பதும் ‘குடிக்காதீர்கள்’ என்பதும் வெவ்வேறு. முன்னது கிருமிகளுக்கானது. பாசி நஞ்சுக்கு விடுக்கப்படுவது பின்னது. அப்போது காய்ச்சிய நீரையும் பருகக் கூடாது. அந்நீரில் சோறோ கஞ்சியோ கூட ஆக்கக் கூடாது. பனிக்கட்டியும் அந்நீரில் செய்ததாக இருத்தலாகாது.

இல்லத்து முறைகளை நம்பியிருக்க வேண்டாம். துணியில் வடிகட்டுவதும், படிகாரமோ தேற்றாங்கொட்டையோ கொண்டு தெளிய வைப்பதும் கலங்கலை நீக்கும். கரைந்த நஞ்சை நீக்காது. களிமண் குழல் வடிகட்டிக்கும் புற ஊதா விளக்குக்கும் அதுவே பொருந்தும். குளோரின் மாத்திரை தகுந்த அளவிலும் நேரத்திலும் மைக்ரோசிஸ்டினைச் சிதைக்கக்கூடும் என்றாலும், அதை வீட்டில் கணித்துச் செய்ய இயலாது. கரி வடிகட்டியுடன் கூடிய ஆர்.ஓ. கருவி நஞ்சைப் பெரிதும் குறைக்கும். ஆனால் உரிய காலத்தில் உறைகளை மாற்றாத கருவி அவ்வாறு செய்யும் என்று சொல்வதற்கில்லை. தடை அறிவிப்பு நிலவும்போது, வேறு நீராதாரத்திலிருந்து வந்த புட்டி நீரே பாதுகாப்பானது.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் தம் பிரிவில் நீர் எவ்வாறு சுத்திகரிக்கப்படுகிறது, கரித்தொட்டிகளும் ஆர்.ஓ. சவ்வுகளும் எப்போது மாற்றப்பட்டன, அமர்வுக்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டறியலாம். இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அது உங்கள் உரிமை. வீட்டிலேயே இயந்திர டயாலிசிஸ் செய்துகொள்வோர், தடை அறிவிப்பைக் கேட்டவுடன், அடுத்த அமர்வைத் தொடங்கும் முன்பு தம் மருத்துவப் பிரிவைத் தொடர்புகொள்ள வேண்டும். வயிற்றறை டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குத் திரவம் பைகளில் ஆயத்தமாக வருவதால் அத்திரவத்தைப் பற்றிய அச்சம் தேவையில்லை. எந்த நிலையிலும் அமர்வைத் தாமாகவே தவிர்த்துவிடக் கூடாது. அமர்வைத் தவறவிடுவதும் உயிருக்கு ஆபத்தானதே.

கைக்குழந்தைகளுக்குப் புட்டிப்பால் கரைப்பவர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். தன் எடையை ஒப்பிடும்போது குழந்தை பெரியவர்களைவிட மிகுதியான நீரைப் பருகுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015-இல் வெளியிட்ட பத்து நாள் அறிவுரை அளவு, பெரியவர்களுக்கு லிட்டருக்கு 1.6 மைக்ரோகிராம், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு 0.3 மைக்ரோகிராம் மட்டுமே. ஆகவே பெரியவர்களுக்குத் தடையில்லாத நாளிலும் குழந்தைகளுக்குத் தடை இருக்கக்கூடும். அறிவிப்பை இறுதிவரை படியுங்கள்.

குழாய் வழியாக உணவு பெறும் நோயாளியைப் பராமரிப்பவர்கள், அக்குழாயைக் கழுவவும் மாத்திரைகளைக் கரைக்கவும் பயன்படுத்தும் நீரையும் மறந்துவிடக் கூடாது. வாயால் பருகாததால் இந்நீர் கணக்கில் வராமல் போய்விடுவது எளிது. மூச்சுக் கருவிகளின் ஈரமூட்டிக் கலத்திலும், மருந்தை நீராவிபோல் மூச்சில் செலுத்தும் நெபுலைசரிலும் குழாய் நீரை எந்நாளும் பயன்படுத்த வேண்டாம். மருத்துவர் பரிந்துரைத்த நீரையே இடுங்கள்.

பச்சை வண்ணம் ஊற்றியது போலவோ, நுரைத்த படலமாகவோ காணப்படும் நீரில் குளிப்பதையும், கால்நடைகளையும் நாய்களையும் அதைக் குடிக்க விடுவதையும் தவிருங்கள். கரையில் ஒதுங்கும் படலத்தில்தான் நஞ்சின் செறிவு மிகுந்திருக்கும். அத்தகைய நீரைக் கண்டால் கைப்பேசியில் படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து, உள்ளாட்சி அலுவலகத்துக்கோ குடிநீர் வாரியத்துக்கோ தெரிவியுங்கள். பெரிய செயலிகளின் கண்ணுக்குத் தப்பும் சிறு குளத்தைப் பற்றி நீங்கள் அனுப்பும் ஒரு படம், மாதிரி எடுக்கச் செல்பவருக்கு வழிகாட்டும்.

குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு, தலைவலி ஆகியவை பாசி நஞ்சின் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும், சிறுநீர் கருத்தாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். இவை வேறு பல நோய்களிலும் தோன்றுபவை. எனவே எந்த நீரை, எந்நாளில் பருகினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதனை மறவாமல் கூற வேண்டும்.

செய்தி சென்று சேரும் இடம்

கருவாருவில் 1996-இல் எந்தச் செயற்கைக்கோளும் நோயாளிகளுக்காக எச்சரிக்கை விடுக்கவில்லை. இன்று அதற்கான கருவிகள் உள்ளன. ஒரு பெருக்கம் தொடங்கியதையும், அது நகரும் திசையையும், சில நாட்கள் முன்னதாகவே அவற்றால் சொல்ல முடிகிறது. அந்தச் சில நாட்களே அவை தரும் கொடை. நீரைத் தூய்மையாக்கும் பணி சுத்திகரிப்பு நிலையத்தின் பொறியாளரிடமும், டயாலிசிஸ் பிரிவின் தொழில்நுட்பப் பணியாளரிடமும், அடுப்படியில் குவளையை நீட்டும் பராமரிப்பாளரிடமுமே தொடர்ந்து இருக்கிறது.

ஆகவே உங்கள் பகுதிக் குடிநீர் எந்த ஏரியிலிருந்து, எந்த அணையிலிருந்து வருகிறது என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடிநீர் வாரியத்தின் அறிவிப்பு எண்ணையும், உங்கள் டயாலிசிஸ் பிரிவின் எண்ணையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். வழக்கமான நாட்களில் நீரைக் காய்ச்சியே பருகுங்கள். ‘குடிக்காதீர்கள்’ என்ற சொல் வரும் நாளில் மட்டும் அடுப்பைப் பற்ற வைக்காமல், மாற்று நீரைத் தேடுங்கள்.